மலையோர ஊர்களில் மத்திய அலை கரகரப்பது ஏன்? ரேடியோ கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தின் தேவிகுளம், பீர்மேடு பக்கத்து எஸ்டேட் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பண்பலையை நம்ப முடியாது. நடுவில் ஒரு மலை மறித்தால் அதோடு சரி. மத்திய அலை (மீடியம் வேவ்) அப்படியல்ல. தரையை ஒட்டிப் படர்ந்து, மேடு பள்ளம் தாண்டி வந்து சேரும். மதுரை 1269, திருநெல்வேலி 1197, கோவை 999 கிலோஹெர்ட்ஸ் என்று முள்ளைத் திருப்பினால் கேரளப் பக்கத்திலும் தமிழ் கேட்கலாம். ஆனால் கொஞ்சம் கரகரத்தாலே "செட்டு போயிடுச்சு" என்று பின்மூடியைக் கழற்றிவிடுகிறோம். முதல் தவறே அதுதான். பெரும்பாலும் உள்ளே எதுவும் கெட்டிருக்காது. ரேடியோ தப்பான திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும், இல்லாவிட்டால் வீட்டிலேயே ஏதோ ஒரு சாதனம் இரைச்சலைக் கொட்டிக்கொண்டிருக்கும்.

கம்பியை இழுப்பது, செட்டைத் திருப்பாமல் விடுவது

மேலே நீட்டும் குழாய் ஆன்டெனா பண்பலைக்கும் சிற்றலைக்கும் உரியது. மத்திய அலையைப் பிடிப்பது பெட்டிக்குள் படுத்திருக்கும் கருப்பு ஃபெரைட் தண்டு. அதன் பக்கவாட்டில் வரும் அலையை அது நன்றாக வாங்கும். நுனியை நோக்கி வரும் அலையை ஏறக்குறைய விட்டுவிடும். தண்டு பொதுவாகப் பெட்டியின் நீளவாக்கில் இருப்பதால், ரேடியோவின் முகமோ முதுகோ நிலையத்தைப் பார்க்க வேண்டும்.

பீர்மேட்டிலிருந்து மதுரை கிழக்கே, சற்று வடக்குத் தள்ளி இருக்கிறது. திருநெல்வேலி தென்கிழக்கே. மதுரைக்குச் சரியாக வைத்த செட்டை அப்படியே விட்டுத் திருநெல்வேலிக்கு முள்ளைத் திருப்பினால், வர வேண்டிய அலையில் பாதிகூடத் தண்டுக்குக் கிடைக்காது. அலமாரியில் ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் ரேடியோவை வைக்கும் வீடுகளில் "திருநெல்வேலி எடுக்கவே மாட்டேங்குது" என்பதற்குக் காரணம் இதுதான். பாலக்காட்டில் இந்தச் சிக்கல் குறைவு. கோவை வடகிழக்கே, திருச்சூர் 630 தென்மேற்கே. இரண்டும் ஏறத்தாழ ஒரே கோட்டில் விழுவதால் ஒரு முறை வைத்தால் இரண்டுக்கும் போதும்.

இன்னொன்றும் கவனியுங்கள். நன்றாகக் கேட்கும் திசை அகலமானது, முப்பது டிகிரி விலகினாலும் காதுக்குப் பெரிதாகத் தெரியாது. அறவே மங்கும் திசையோ மிகக் குறுகியது. அதனால் நிலையம் உச்சமாக ஒலிக்கும் இடத்தைத் தேடிக்கொண்டிருப்பதைவிட, இரைச்சல் அடங்கும் இடத்தைத் தேடுவதே பலன் தரும். பெட்டியை மெல்லத் திருப்புங்கள். ஓரிடத்தில் கரகரப்பு சட்டென்று விழும். நிலையம் சற்றே குறைந்தாலும் அங்கேயே விடுங்கள், பேச்சு தெளிவாக இருக்கும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் இருப்பது

மொபைல் சார்ஜர், எல்.இ.டி. பல்பு, செட்டாப் பாக்ஸ் அடாப்டர், இன்வெர்ட்டர் எல்லாமே மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித்தான் வேலை செய்கின்றன. அந்த வெட்டின் மடங்குகள் மத்திய அலை முழுக்க வரிசையாக விழும். டயலில் சீரான இடைவெளியில் "ர்ர்ர்" என்று மேடுமேடாக வந்தால் அது ஏதோ ஒரு அடாப்டரின் வேலை.

கண்டுபிடிக்கும் வழி எளிது. ரேடியோவை பேட்டரியில் ஓடவிடுங்கள். நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்துங்கள். வீட்டின் மெயின் சுவிட்சையும், இருந்தால் இன்வெர்ட்டரையும் அணையுங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி வீட்டுக்குள். எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு மெயினைப் போட்டு, ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தால் ஆள் மாட்டிக்கொள்ளும்.

வளைகுடாவிலிருந்து வந்த சில செட்டுகளில் லாங் வேவ் என்று ஒரு பட்டை இருக்கும், 150 முதல் 285 கிலோஹெர்ட்ஸ் வரை. அங்கே ஒரு நிலையமும் வரவில்லை என்று கடைக்கு எடுத்துப் போக வேண்டாம். வானொலி ஒலிபரப்புக்காக அந்தப் பட்டை ஐரோப்பா, ஆப்பிரிக்கா சேர்ந்த மண்டலத்துக்கு ஒதுக்கப்பட்டது; இந்தியாவில் லாங் வேவ் ஒலிபரப்பு இல்லை. ஐரோப்பாவிலேயே அது ஒவ்வொன்றாக அடங்கி வருகிறது: பிரான்சின் 162 கிலோஹெர்ட்ஸ் நிகழ்ச்சி ஒலிபரப்பு 2016 கடைசியில் நின்றது, அயர்லாந்தின் 252 கிலோஹெர்ட்ஸ் 2023 ஏப்ரலில் நின்றது. ஆனாலும் அந்தப் பட்டை நமக்கு உதவும். சார்ஜர் இரைச்சல் அங்கேதான் மிக பலமாக விழும் என்பதால், செட்டை லாங் வேவில் வைத்து வீட்டுக்குள் நடந்தால் எந்தச் சுவர், எந்த பிளக் என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

மாட்டிய அடாப்டரை மாற்ற முடியாவிட்டால் அதன் ஒயரை ஃபெரைட் வளையத்தில் ஏழெட்டுச் சுற்று சுற்றுங்கள். கடையில் விற்கும் கிளிப் வகையை ஒயரில் ஒரே ஒரு தடவை மாட்டிவிட்டு "ஒன்றும் ஆகவில்லை" என்பவர்கள் நிறையப் பேர். மத்திய அலையில் ஒரு சுற்றுக்குப் பலனே இல்லை. தடுப்பு சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தில் ஏறும். ஏழு சுற்று என்றால் ஏறத்தாழ நாற்பத்தொன்பது மடங்கு. பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையிலிருந்து எடுத்த மஞ்சள்-வெள்ளை வளையமும் இதற்கு ஆகாது, அது இரும்புத்தூள் வகை.

மெயினை அணைத்த பிறகும் இரைச்சல் நிற்கவில்லையா? லைனைப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாயில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அடிக்கும் வறண்ட காற்றில், மின்கம்பத்துத் தளர்ந்த இணைப்புகளில் பொறி தட்டும். நல்ல மழை பெய்ததும் இரைச்சல் குறைந்தால் சந்தேகமே வேண்டாம். ரேடியோவோடு நடந்து, இரைச்சல் உச்சமாகும் கம்பத்தின் எண்ணைக் குறித்து மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கொடுங்கள். கம்பத்தில் நீங்களாகக் கை வைக்க வேண்டாம்.

எலிமினேட்டரில் (செல்லுக்குப் பதிலாகச் செருகும் அடாப்டரில்) ஓட்டும்போது, நிலையத்தைப் பிடித்த இடத்தில் மட்டும் "ம்ம்ம்" என்று உறுமல் வரும். பலர் ஃபில்டர் கண்டென்சரை மாற்றிப் பார்த்து ஓய்ந்துபோவார்கள். அது எலிமினேட்டருக்குள் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் ரெக்டிஃபயர் டயோடுகளால் வருவது. ஒவ்வொரு டயோடின் குறுக்கேயும் 0.01 மைக்ரோஃபாரட், 100 வோல்ட்டுக்குக் குறையாத டிஸ்க் கண்டென்சர் ஒன்றை வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ட்யூனிங்கில் வரும் பிழை

டிஜிட்டல் செட்டுகளில் மத்திய அலைக்கு எண் தாவும் படி 9 கிலோஹெர்ட்ஸ், 10 கிலோஹெர்ட்ஸ் என்று இரண்டு உண்டு. இந்தியாவுக்கு 9. சில செட்டுகள் அமெரிக்க முறைப்படி 10-இல் வரும். அப்போதும் திருச்சூர் 630, சென்னை 720 சரியாகவே கேட்கும், ஏனென்றால் அவை இரண்டு படியிலும் விழும் எண்கள். அதனால் சந்தேகமே வராது. கோவை 999-க்கு 1000, திருநெல்வேலி 1197-க்கு 1200 என்று நின்று குரல் கரகரத்துப்போகும். படியை 9-க்கு மாற்றிவிட்டு, சேமித்த நிலையங்களை அழித்துப் புதிதாகச் சேமியுங்கள்.

முள் செட்டுகளில் வேறு பழக்கம்: ஒலி எடுப்பாக இருக்கிறதென்று முள்ளை நிலையத்தின் ஓரத்தில் நிறுத்துவது. ஓரத்தில் கீச்சுக்குரல் தூக்கலாகும், ஆனால் 'ச', 'ஷ' எல்லாம் சீறும். கீழ்க்குரல் முழுசாக வரும் நடு இடமே சரி. பட்டை அகலத்தை (பேண்ட்விட்த்) மாற்ற வசதி இருந்தால், பகலில் பலமான நிலையத்துக்கு அகலமாகவும் இரவில் குறுக்கியும் வையுங்கள்.

இரவில் ஒலி சிதைந்தால்

பொழுது சாய்ந்ததும், மேல்வானத்தில் பட்டுத் திரும்பும் வானலையும் வந்து சேரும். தரையலையும் வானலையும் ஒன்றோடொன்று மோதும் தொலைவில் குரல் ஏறி இறங்கி, நடுநடுவே குழறும். இதில் செட்டின் குற்றம் ஒன்றுமில்லை. இதைச் சரிசெய்கிறேன் என்று ஐ.எஃப்.டி. டப்பாக்களை (செட்டுக்குள் நிலையத்தைப் பிரித்தெடுக்கும் சுருள்கள் உள்ள சின்ன உலோக டப்பாக்களை) இரும்பு ஸ்க்ரூடிரைவரால் திருகுவதுதான் நல்ல செட்டுகளைக் கொன்ற தவறு. அவை 455 கிலோஹெர்ட்ஸில் சீர்செய்யப்பட்டவை. உள்ளிருக்கும் ஃபெரைட் திருகு நொறுங்கும் பொருள். ஒரு தடவை விரிசல் விட்டால் அந்த டப்பாவையே மாற்ற வேண்டும். சிக்னல் ஜெனரேட்டரும் பிளாஸ்டிக் திருகியும் இல்லாதவர்கள் அதைத் தொடவே கூடாது. தண்டின் மேல் மெழுகு வைத்து ஒட்டிய சுருளையும் நகர்த்தாதீர்கள்.

வெளிக்கம்பியும் சட்ட ஆன்டெனாவும்

தூரத்து நிலையத்துக்காகக் கூரையில் நீளக் கம்பி கட்டி, அதை நேராக உள்ளே சால்டர் செய்தால் பக்கத்துப் பலமான நிலையம் டயல் முழுக்கப் பரவிவிடும். கம்பியின் நுனியைப் பெட்டியைச் சுற்றி ஐந்தாறு சுற்று சுற்றினாலே போதும். துலா (ஐப்பசி) மாத மதிய இடியில் அந்தக் கம்பி ஆபத்து. ரேடியோவில் வெடிவெடியாய்ச் சத்தம் வரத் தொடங்கினால் இடி தொலைவில் இருக்கும்போதே கம்பியைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். எர்த் வேண்டுமென்றால் மண்ணில் ஒன்றரை மீட்டர் ஜி.ஐ. குழாய் இறக்குங்கள், மெயின் நியூட்ரலில் ஒருபோதும் இணைக்காதீர்கள்.

சட்ட ஆன்டெனா இதைவிட மேல். 60 செ.மீ. சதுர மரச்சட்டம், 6 மி.மீ. இடைவெளி விட்டுப் பதின்மூன்று சுற்று ஒயர், இரு முனைகளுக்கும் பழைய ரேடியோவில் ட்யூனிங்குக்குத் திருப்பும் 365 பைகோஃபாரட் கேங் கண்டென்சர். ரேடியோவோடு ஒயர் இணைப்பு எதுவும் வேண்டாம். சட்டத்தின் விளிம்பு நிலையத்தைப் பார்க்க வேண்டும். ரேடியோவின் தண்டு சட்டத்தின் தளத்துக்குச் செங்குத்தாக, பக்கத்தில் இருக்க வேண்டும். கேங்கை மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் நிலையம் எழும்பும். நிலையம் மாற்றும்போதெல்லாம் கேங்கையும் திருப்ப மறந்தால் பலன் இராது.

மழைக்காலத்தில்

இடுக்கியின் ஜூன் முதல் செப்டம்பர் வரையான ஈரத்தில் பேண்ட் சுவிட்ச்சும் வால்யூம் கன்ட்ரோலும் களிம்பு பிடித்துக் கரகரக்கும். தேங்காய் எண்ணெய், பெட்ரோல் விட வேண்டாம். எண்ணெய் தூசியைச் சேர்க்கும், பெட்ரோல் கார்பன் தடத்தையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும். கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டு, கன்ட்ரோலை முன்னும் பின்னுமாக இருபது முறை திருப்பி, காய்ந்த பிறகு ஓட்டுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் கேட்கப்போவதில்லை என்றால் செல்களைக் கழற்றிவிடுங்கள். ஆல்கலைன் செல் கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள்.