கிரீட் தீவுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தீவுதானே, ஒரே ஊரில் அறை போட்டு மூன்று நாளில் சுற்றிவிடலாம் என்ற கணக்கில்தான் பலரும் கிரீஸ் நாட்டின் கிரீட்டுக்குக் கிளம்புகிறார்கள். கிழக்கு மேற்காக அது சுமார் 260 கிலோமீட்டர். நடுவில் 2,400 மீட்டரைத் தாண்டும் மலைகள். வடகரை நெடுஞ்சாலையை விட்டுத் தெற்கே திரும்பினால் வளைவுக்கு மேல் வளைவு. மேற்கே இருக்கும் ஹனியா நகரிலிருந்து எலாஃபோனிசி கடற்கரை 75 கிலோமீட்டர்தான், ஆனால் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். நாள் குறைவு என்றால் மேற்கோ கிழக்கோ ஒரு பக்கத்தை விட்டுவிடுங்கள். மனசு வராது, இருந்தாலும் விடுங்கள்.

வாடகைக் கார் எடுத்தால் காப்பீட்டைப் படித்துப் பாருங்கள். மண்பாதையில் அடிபட்டால் பெரும்பாலும் அது செல்லாது. பாலோஸ் கடற்கரைக்குப் போவது அப்படி ஒரு பாதைதான். கிஸமோஸ் துறைமுகத்திலிருந்து படகு இருக்கிறது, அதில் போய்விடலாம்.

கிரீட்டின் பழங்கால மினோவன் நாகரிகம் விட்டுப்போன க்னோசோஸ் அரண்மனையை மட்டும் பார்த்துவிட்டு ஹெராக்லியன் நகர அருங்காட்சியகத்தை விட்டுவிடுவதுதான் என் கண்ணுக்குப் பெரிய தவறு. படங்களில் பார்க்கும் அந்தச் சிவப்புத் தூண்கள், 1900இல் அங்கே அகழாய்வைத் தொடங்கிய ஆர்தர் எவன்ஸ் பின்னர் சிமெண்டில் எழுப்பியவை. சுவர் ஓவியங்களும் நகல்களே. மூலங்கள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. காலையில் வெயிலுக்கு முன் அரண்மனை, உச்சிவெயிலில் அருங்காட்சியகம் என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். அப்புறம், பூசி மெழுகாத மினோவன் அரண்மனை வேண்டுமென்றால் தெற்கே ஃபெஸ்டோஸ் இருக்கிறது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

சமரியா பள்ளத்தாக்குக்குக் காரில் போய் மேலே ஓமலோஸில் நிறுத்தாதீர்கள். 16 கிலோமீட்டர் நடந்து இறங்கினால் வந்து சேர்வது அகியா ரூமேலி. அங்கிருந்து சாலையே கிடையாது, படகுதான். கார் மலை மேல், நீங்கள் கடலோரம்! பேருந்தில் போங்கள். மாலைப் படகைத் தவறவிட்டால் ராத்திரி அங்கேதான்.

கிராமத்து உணவகங்களில் சாப்பாடு முடிந்ததும் கேட்காமலே ஒரு சின்னக் குப்பியில் ரக்கி என்ற திராட்சைச் சாராயமும் கொஞ்சம் பழமும் வரும். பில்லில் ஏற்றிவிடுவார்களோ என்று திருப்பி அனுப்பாதீர்கள், அது உபசரிப்பு. குடிக்காதவர் பழத்தை எடுத்துக்கொண்டு ஒரு நன்றி சொன்னால் போதும்.