இங்கிலாந்தில் வீடு வாங்கும்போதும் விற்கும்போதும்: எக்ஸ்சேஞ்சுக்கு முன்பே தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஆஃபரை ஏற்றுக்கொண்டார்கள்" என்று ஏஜென்ட் சொன்னதுமே வீடு கைக்கு வந்துவிட்டது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். சட்டத்தின் முன் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. வீடு, நிலம் பற்றிய ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்பும் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இரு தரப்புச் சொலிசிட்டர்களும் (வழக்கறிஞர்கள்) அந்த ஒப்பந்தத்தைப் பரிமாறி உறுதி செய்வதுதான் 'எக்ஸ்சேஞ்ச்'. அதுவரை விற்பவர் கூடுதல் விலை தருபவரிடம் போகலாம். வாங்குபவரும் கடைசி வாரத்தில் விலையைக் குறைக்கச் சொல்லலாம். நஷ்ட ஈடு கேட்க முடியாது. சர்வேக்கும் (வீட்டின் நிலையைச் சோதிப்பது) கவுன்சில் சர்ச்சுக்கும் (உள்ளூராட்சிப் பதிவுகளைத் தேடிப் பார்ப்பது) கொடுத்த பணம் போனது போனதுதான். (ஸ்காட்லாந்தில் நடைமுறையே வேறு, வேல்ஸில் வரி வேறு. இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும்.)

எக்ஸ்சேஞ்ச் முடிந்ததும் எல்லாம் தலைகீழாகிவிடும். வழக்கமாக விலையில் 10% டெபாசிட் கட்ட வேண்டும்; 4,00,000 பவுண்டு வீட்டுக்கு 40,000 பவுண்டு. குறித்த நாளில் மீதிப் பணம் வராவிட்டால் விற்பவர் தரப்பு நோட்டீஸ் கொடுக்கும். அதிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் முடிக்காவிட்டால் டெபாசிட் பறிபோகும்; அதற்கு மேல் இழப்பீடும் கேட்பார்கள். "நாங்கள் 5% தானே கட்டினோம்" என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. வழக்கமான ஒப்பந்த நிபந்தனைகளின்படி, அந்த நோட்டீஸ் வந்ததும் 10% வரையிலான மீதியையும் கட்டியாக வேண்டும்.

ஆகவே மோர்ட்கேஜ் (வீட்டுக் கடன்) ஆஃபர் எழுத்தில் வராமல், அதன் காலாவதித் தேதியைப் பார்க்காமல், எக்ஸ்சேஞ்சுக்குச் சம்மதிக்காதீர்கள். வாடகை வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுப்பதையும் எக்ஸ்சேஞ்சுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றைப் பலர் கோட்டை விடுகிறார்கள்: வழக்கமான நிபந்தனைகளின்படி, எக்ஸ்சேஞ்ச் ஆனதுமே வீட்டுக்கு வரும் சேதம் வாங்குபவரின் பொறுப்பு. இடையில் தீப்பிடித்தாலும் முழு விலையைக் கொடுத்தே வாங்க வேண்டும். வீட்டு இன்சூரன்ஸை சாவி வாங்கும் நாளிலிருந்து எடுத்தால் போதாது. எக்ஸ்சேஞ்ச் நாளிலிருந்தே எடுக்க வேண்டும்.

சீட்டுப் பணமும் ஊர்ப் பணமும்

பணம் எங்கிருந்து வந்தது என்று சொலிசிட்டர் கேட்பது உங்களைச் சந்தேகப்படுவதால் அல்ல. 2017ஆம் ஆண்டு பணமோசடித் தடுப்பு விதிகள் அவரைக் கேட்க வைக்கின்றன. நம்மவர்களின் கோப்புகள் தாமதமாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சீட்டு எடுத்த பணம் ரொக்கமாகக் கணக்கில் விழுந்திருக்கும். அதற்கு ஒரு காகிதமும் இருக்காது. உண்டியலில் (வங்கிக்கு வெளியே ஆள் மூலம் அனுப்பும் முறை) வந்த பணம் முன்பின் தெரியாத ஒருவரின் கணக்கிலிருந்து வந்திருக்கும். இவற்றை விளக்க முடியாவிட்டால் சொலிசிட்டர் கோப்பையே மூடிவிடலாம்.

வீடு வாங்கும் எண்ணம் வந்த நாளிலிருந்தே எல்லாப் பணத்தையும் வங்கி வழியாகக் கொண்டு வாருங்கள். இந்தியாவில் வசிக்கும் பெற்றோர் ஒவ்வொருவரும் வங்கி மூலம் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். அவர்களுடைய வங்கி அறிக்கை, நிலம் விற்றிருந்தால் அந்தப் பத்திரம், அடையாளச் சான்று எல்லாம் கேட்கப்படும். சீட்டுக் கட்டியிருந்தால் மாதாமாதம் போன பணமும் திரும்பி வந்த பணமும் வங்கி அறிக்கையில் தெரிய வேண்டும்.

அண்ணன் 60,000 பவுண்டு தருகிறார் என்றால் அது அன்பளிப்பா, கடனா என்பதை முதலிலேயே பேசித் தீர்த்துவிடுங்கள். மோர்ட்கேஜ் கொடுக்கும் வங்கி பெரும்பாலும் அவரிடம் ஒரு கடிதம் கேட்கும்: திருப்பித் தர வேண்டியதில்லை, வீட்டில் எனக்குப் பங்கு இல்லை. கைமாற்றாக வாங்கிவிட்டு அன்பளிப்பு என்று எழுதிக் கொடுப்பது வங்கியை ஏமாற்றுவது, அது குற்றம். பிறகு மனத்தாங்கல் வந்து அண்ணன் பங்கு கேட்டாலும், அவர் கையெழுத்திட்ட அந்தக் கடிதமே அவருக்கு எதிராக நிற்கும்.

அவருக்குப் பங்கு உண்டு என்றால் அதை வங்கிக்குச் சொல்லி, தனியே ஒரு பங்குப் பத்திரம் எழுத வேண்டும். இருவர் பெயரில் வாங்கும்போது படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் அடிக்கச் சொல்வார்கள். 'ஜாயின்ட் டெனன்ட்ஸ்' என்றால் ஒருவர் இறந்ததும் முழு வீடும் மற்றவருக்கே போகும். உயில் எழுதி வைத்திருந்தாலும் அது செல்லாது. 'டெனன்ட்ஸ் இன் காமன்' என்றால் அவரவர் பங்கு தனி. 70க்கு 30 என்றுகூடப் பிரிக்கலாம். கணவன் மனைவிக்கு முதலாவது பெரும்பாலும் பொருந்தும். உடன்பிறந்தவர்கள், நண்பர்கள், மறுமணம் செய்தவர்கள் யோசிக்காமல் அதை டிக் அடிக்கக் கூடாது.

ஊரில் ஒரு வீடு இருந்தால்

ஸ்டாம்ப் டியூட்டியில் (வீடு வாங்குபவர் கட்டும் வரி) நடக்கும் தவறுதான் நம்மவர்களுக்கு அதிகச் செலவு வைக்கிறது. 2025 ஏப்ரல் 1இலிருந்து, முதல் வீடு வாங்குபவர் 3,00,000 பவுண்டு வரை வரி கட்ட வேண்டியதில்லை. அதற்கு மேல் 5,00,000 வரையுள்ள பகுதிக்கு 5%. விலை 5,00,000ஐத் தாண்டினால் சலுகையே கிடையாது. இதில் 'முதல் வீடு' என்பது இங்கிலாந்தில் முதல் வீடு என்று பொருள் அல்ல, உலகத்தில் முதல் வீடு. யாழ்ப்பாணத்தில் சீதனமாகக் கிடைத்த வீடும், மதுரையில் அப்பா இறந்தபின் வந்த கால் பங்கும் கணக்கில் சேரும். முன்பே விற்றுவிட்டாலும் சலுகை திரும்பாது. வெறும் மனையும் வயலும் இதில் வராது. இருவர் சேர்ந்து வாங்கினால் இருவருமே முதல்முறையாக வாங்குபவர்களாக இருக்க வேண்டும்.

இன்னும் அந்த வீடு உங்கள் கையில் இருந்து, அதில் உங்கள் பங்கு 40,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் பெறுமானால் பொதுவாக 5% கூடுதல் வரியும் உண்டு. 4,00,000 பவுண்டு வீட்டுக்கு முதல் வீட்டுக்காரர் கட்டுவது 5,000. சாதாரணமாக வாங்குபவர் 10,000. கூடுதல் வீட்டுக்காரர் 30,000. கணவனோ மனைவியோ ஒருவர் பெயரில் மட்டும் வாங்கித் தப்பிக்க முடியாது; சேர்ந்து வாழும் தம்பதிக்கு மற்றவரின் வீடும் எண்ணப்படும். கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரிசாக வந்த, பாதிக்கு மிகாத பங்குக்கு மட்டும் கூடுதல் வரியில் விலக்கு உண்டு. சொலிசிட்டர் கேள்வித்தாளில் இதைக் கேட்கும்போது "இங்கே இல்லை" என்று எழுதாதீர்கள். வரிக் கணக்கை அவர் அனுப்பினாலும், தவறுக்குப் பொறுப்பு நீங்கள்தான்.

விற்பவர் நிரப்பும் படிவம்

வீட்டைப் பற்றி விற்பவர் நிரப்பும் டிஏ6 படிவத்தில் ஜப்பானீஸ் நாட்வீட் என்ற களை வளாகத்தில் உண்டா என்று கேட்டு, ஆம், இல்லை, தெரியாது என மூன்று கட்டங்கள் இருக்கும். அதன் வேர்த்தண்டு மண்ணுக்குள்ளேயே கிடக்கும். மேலே ஒன்றும் தெரியவில்லை என்று 'இல்லை' போட்டுவிட்டு வழக்கில் தோற்றவர்கள் இருக்கிறார்கள். உறுதியாகத் தெரியாவிட்டால் 'தெரியாது' என்பதே நேர்மையான பதில். பக்கத்து வீட்டோடு இருந்த தகராறு, வெள்ளம், கவுன்சில் கடிதம் எதையும் மறைக்காதீர்கள். 2025 பிப்ரவரியில் லண்டன் உயர் நீதிமன்றம், 32.5 மில்லியன் பவுண்டுக்கு விற்ற ஒரு மாளிகையில் அந்துப்பூச்சித் தொல்லையை விற்றவர் மறைத்ததற்காக விற்பனையையே ரத்து செய்து, விலையின் பெரும்பகுதியைத் திருப்பித் தரச் சொன்னது.

பின்பக்கம் நீட்டிக் கட்டியது, கூரைக்குக் கீழுள்ள லாஃப்டை அறையாக்கியது, சுமை தாங்கும் சுவரை எடுத்தது இவற்றுக்கெல்லாம் பிளானிங் அனுமதி வேறு, கட்டட விதிச் சான்றிதழ் வேறு. முதலாவது தேவைப்படாத வேலைக்கும் இரண்டாவது தேவைப்படும். சான்றிதழ் இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் எடுத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். ஆனால் அதற்கு முன் கவுன்சிலுக்குப் போன் செய்து விசாரித்துவிட்டால், பெரும்பாலும் அந்த இன்சூரன்ஸ் கிடைக்காது. சொலிசிட்டரைக் கேட்காமல் போனை எடுக்காதீர்கள். அந்த இன்சூரன்ஸ் கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் ஆகும் செலவைத்தான் தரும், விழும் சுவரைத் தாங்காது. வாங்குபவர் வீட்டை விரிவாகச் சோதிக்கும் லெவல் 3 சர்வே எடுப்பது நல்லது. வங்கி செய்யும் மதிப்பீடு வங்கிக்காகச் செய்வது, அதைச் சர்வே என்று நம்பக் கூடாது.

ஃபிளாட் என்றால் முதலில் லீஸில் (குத்தகைக் காலம்) எத்தனை ஆண்டு மீதி என்று பாருங்கள். 80 ஆண்டுக்குக் கீழே போனால் நீட்டிக்கும் செலவு கூடும். அந்தக் கூடுதல் தொகையை நீக்க 2024ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2025 ஜனவரி 31 முதல், வாங்கிய பின் நீட்டிப்புக் கேட்க இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. சர்வீஸ் சார்ஜ் (கட்டடப் பொதுப் பராமரிப்புக் கட்டணம்) கணக்கை மூன்று ஆண்டுக்குப் பாருங்கள். அடுத்து கூரை மாற்றப் போகிறார்களா, லிஃப்ட் மாற்றப் போகிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

கடைசியாக, பணம் அனுப்பும் நாள். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இதற்கு அனுப்புங்கள்" என்று சொலிசிட்டரின் பெயரில், அதே கையொப்பத்தோடு மின்னஞ்சல் வரும். முகவரியில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும்; சில நேரம் அதுவும் மாறியிருக்காது, அலுவலகத்தின் மின்னஞ்சலுக்குள்ளேயே திருடர்கள் புகுந்திருப்பார்கள். அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள். முதல் நாள் கையில் வாங்கிய கடிதத்தில் உள்ள எண்ணை அழைத்து, கணக்கு எண்ணை ஒவ்வோர் இலக்கமாக அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். முதலில் ஒரு பவுண்டு அனுப்பி, "வந்துவிட்டது" என்று அவர் வாயால் கேட்ட பிறகு மீதியை அனுப்புங்கள்.