கீமோ வார்டில் "மதமதப்பு இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள்

கீமோ வார்டுக்குப் புதிதாக வரும் நர்ஸ்களிடம், எங்கள் காலத்துத் தவறுகள் அப்படியே திரும்புவதைப் பார்க்கிறேன். பெயர் சரிபார்ப்பது, கையுறை போடுவதெல்லாம் பயிற்சியிலேயே வந்துவிடும். சில கீமோ மருந்துகள் கை கால் நரம்பைக் கெடுத்து மதமதப்பை உண்டாக்கும்; அந்த நரம்பு விஷயம்தான் நழுவுகிறது.

ஒரே கேள்வியோடு நிறுத்துவது

"மதமதப்பு இருக்காம்மா?"
"கொஞ்சம் இருக்கு சிஸ்டர், பரவால்ல."

தாளில் ஒரு டிக். இன்றுவரை எனக்கு ஆத்திரம் வருவது இந்த டிக்கைப் பார்த்தால்தான்.

மார்பகப் புற்றுநோய்க்கு வாரம் ஒன்றாக 12 வாரம் பாக்லிடாக்ஸல் என்ற கீமோ மருந்து ஏற்ற வந்தார் ஒரு பூக்கார அம்மா. வாராவாரம் "பரவால்ல"தான். ஒன்பதாவது வாரம் மகள் உடைத்துச் சொன்னாள். நூலை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அம்மாவின் விரலுக்குத் தெரியவில்லை, மல்லிகைக் காம்பெல்லாம் அறுந்து விழுகிறது. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் தெருமுனை வரை நடந்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "சொன்னா மருந்த நிறுத்திடுவாங்க, நோய் திரும்பிடும்."

அந்தப் பயத்தை யாருமே விசாரிக்கவில்லை. நேரத்தோடு தெரிந்தால் டாக்டர் அளவைக் குறைப்பார், ஒரு வாரம் தள்ளுவார், மருந்தையே மாற்றுவார். கெட்டுப்போன நரம்பை முழுசாக மீட்க மருந்து கிடையாது. டுலாக்செட்டின் என்ற மாத்திரை வலியை ஓரளவு தணிக்கும், அவ்வளவுதான்.

ஆகவே அன்றாட வேலையைக் கேளுங்கள். பட்டன் போட முடிகிறதா? சில்லறையைத் தடவிப் பிரிக்க முடிகிறதா? இருட்டில் தள்ளாடுகிறதா? சர்க்கரை இருப்பவர்களிடம் இன்னும் துருவிக் கேளுங்கள். கூட வந்தவரிடமும் கேளுங்கள்.

கடைசி ஊசியோடு சரியாகிவிடும் என்பது

சிஸ்பிளாட்டின், ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்துகள் இரண்டிலும் சிகிச்சை முடிந்த பிறகும் சில மாதம் மதமதப்பு கூடலாம். முன்பே சொல்லி அனுப்பாவிட்டால், நோய்தான் திரும்பிவிட்டது என்று அவர்கள் நடுங்கிப்போவார்கள்.

ஐஸ் தண்ணீர்

ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றிய சில நாளைக்கு ஐஸ் தண்ணீர் கூடவே கூடாது. ஃப்ரிட்ஜுக்குள் கை விட்டாலே சுரீரென்று இருக்கும், தொண்டை அடைப்பது போலிருக்கும்.

தானாக வாங்கும் நரம்பு மாத்திரை

வைட்டமின் பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். அசிட்டைல் எல் கார்னிடின் என்ற சத்து மாத்திரை, பாக்லிடாக்ஸல் வகை மருந்து எடுத்தவர்களிடம் நடந்த ஆய்வில், மதமதப்பைக் கூட்டத்தான் செய்தது.

வின்கிரிஸ்டின்

இந்தக் கீமோ மருந்து குடல் நரம்பையும் பிடிக்கும், அதனால் மலச்சிக்கலைக் கேட்காமல் விடாதீர்கள். இது ரத்தக்குழாயில் மட்டுமே போக வேண்டிய மருந்து. முதுகுத்தண்டு நீரில் போனால் உயிரே போய்விடும். சின்ன சலைன் பையில் கலந்துதான் வர வேண்டும்; சிரிஞ்சில் வந்தால் கையில் வாங்காதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள்.