உருவப்படத்தில் நிறம் மாறிப்போகும் முகங்கள்: மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் கலைச் செயல்திட்டத்துக்காக உருவப்படம் எடுக்கும் மாணவர்கள் பெரும்பாலும் குளச்சல், முட்டம் கடற்கரைகளுக்கோ, தோவாளைப் பூச்சந்தைக்கோ, குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கோ செல்கின்றனர். அவர்கள் கொண்டுவரும் படங்களைப் பார்த்துவரும் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும்: கணினியில் நடக்கும் தவறுகளில் பெரும்பங்கு, படம் எடுத்த இடத்தில் ஒளியைக் கவனிக்காமல் விட்டதன் தொடர்ச்சியே.

நம் மாவட்டம் ஏறத்தாழ 8 பாகை வட அகலாங்கில் இருப்பதால், ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதியை ஒட்டியும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேராக நிற்கிறது. மற்ற மாதங்களிலும் நண்பகல் வெயில் கடுமையானதுதான். அந்த ஒளியில் எடுத்த முகத்தில் புருவத்தின் கீழ் இரண்டு கறுப்புக் குழிகளும், மூக்கின் கீழ் ஒரு நிழலும் விழுந்திருக்கும். அவற்றை மென்பொருளில் இழுத்து வெளிச்சமாக்கினால், இருளுக்குள் மறைந்திருந்த புள்ளிகள் வெளிப்பட்டுக் கண்ணைச் சுற்றிச் சாம்பல் வளையமாகத் தெரியும். திண்ணையின் விளிம்பிலோ ஓலைப் பந்தலின் ஓரத்திலோ படத்துக்கு அமர்பவரை வெளிப்பக்கம் பார்த்து உட்காரச் சொன்னாலே இந்தச் சிக்கல் எழாது. ஆனால் நீலத் தார்ப்பாயின் கீழ் அமர்த்தினால் அந்த நீலமும், ரப்பர் மரங்களின் அடியில் அமர்த்தினால் இலைகளின் பச்சையும் தோலில் படியும் என்பதை மறக்கலாகாது. அவர் கையில் வெள்ளைத் தாள் ஒன்றைக் கொடுத்து அதே ஒளியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, சுருக்கப்பட்ட ஜேபெக் கோப்பு மட்டும் போதும் என்று விட்டுவிடாமல், கேமரா பதிந்த தகவலை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பையும் சேமித்தால், நிறத்தைப் பின்னர் நேர்மையாகச் சரிசெய்ய முடியும்.

பூச்சந்தையில் விடியும் முன் எடுப்போருக்கு வேறொரு தொல்லை உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஷட்டர் வேகத்தை, அதாவது ஒளி பதியும் நேரத்தை, 1/500 நொடி என்று வைத்தால் படத்தின் குறுக்கே கருமைப் பட்டைகள் விழக்கூடும். 1/100 வைப்பது பாதுகாப்பானது. கேந்திப் பூக்குவியலின் மேல் குனிந்திருப்பவரின் தாடையில் மஞ்சள் ஒளி ஏறினால் அதை நீக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து, ஏனெனில் அந்த நிறம் அந்த இடத்துக்கே உரியது.

எல்லாவற்றிலும் நான் அதிகம் கவலைப்படுவது முகத்தை வெளுப்பாக்கும் பழக்கத்தைப் பற்றித்தான். கேமராவின் ஒளிமானி தான் காணும் எதையும் இடைநிலைச் சாம்பலாக எண்ணியே கணக்கிடுகிறது. கறுத்த முகம் சட்டகத்தை நிறைக்கும்போது அது ஒளியைக் கூட்டி முகத்தை வெளிறச் செய்யும். அதே முகத்துக்குப் பின்னால் ஒளிரும் கடலும் வானமும் இருந்தால் ஒளியைக் குறைத்து முகத்தை இருட்டாக்கும். முதல் நிலையில் எக்ஸ்போஷரை, அதாவது பதியும் ஒளியின் அளவை, அரை அல்லது முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இருமடங்காவது அல்லது பாதியாவது) குறைப்பதும், இரண்டாம் நிலையில் கூட்டுவதும் எடுப்பவரின் கடமை. வண்ணப் பிலிம் காலத்தில் அச்சு நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைத் தோலுடைய பெண்ணின் உருவமே இருந்தது. அந்த அளவுகோல் நம் கைப்பேசிகளில் முகத்தைத் தானாக மெருகூட்டும் ‘பியூட்டி மோட்’ வடிவில் இன்னும் தொடர்வதாகவே நான் நினைக்கிறேன். படம் எடுக்கும் முன் அதை அணைத்துவிட வேண்டும்.

மூக்கு பெரிதாகத் தெரிகிறது என்று மென்பொருளில் அதைச் சுருக்குவது இன்னொரு பரவலான பிழை. கைப்பேசியின் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் முழுச்சட்டகக் கேமராவின் 24 முதல் 26 மில்லிமீட்டர் லென்ஸுக்கு இணையான அகலக் கோணம் கொண்டது; அரை மீட்டர் நெருங்கி நின்று எடுத்தால், கேமராவுக்கு மிக அருகிலுள்ள மூக்கு பெருத்தும் காதுகள் சிறுத்தும் தெரிவது தூரத்தின் விளைவு. ஒன்றரை மீட்டராவது பின்னால் சென்று இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் முகம் தன் அளவில் அமையும். ஏபிஎஸ்-சி (முழுச்சட்டகத்தைவிடச் சிறிய சென்சார்) கேமரா வைத்திருப்போருக்கு 50 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். இரு கண்களில் அருகிலுள்ளதன் மேல் ஃபோகஸ் இருக்க வேண்டும்.

திருத்தத்தில் தோலை வழவழப்பாக்குவது தவறென்று பலருக்கும் தெரியும்; அதற்கு நேர்மாறான தவறைத்தான் கலை என்று எண்ணிவிடுகிறார்கள். முதிய மீனவரின் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, நுணுக்கங்களை அழுத்திக் காட்டும் கிளாரிட்டியை உச்சத்துக்கு ஏற்றி, ஒவ்வொரு சுருக்கத்தையும் உளியால் செதுக்கியது போலக் காட்டுவதும் அவர் முகத்தைப் பொய்யாக்குவதே. இரண்டு நாளில் மறையும் பருவை நீக்கலாம். தழும்பு, மச்சம், வெயில் தந்த கறுப்பு ஆகியவற்றைத் தொடக் கூடாது. எந்த மாற்றமானாலும் மூலக்கோப்பின் நகலில், தனி லேயரில் (படத்தின் மேல் வைக்கும் தனி அடுக்கில்) செய்து, மறுநாள் மீண்டும் பார்ப்பது நல்லது.

அச்சுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் கோப்பு சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்ப வேண்டும். ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட 2480×3508 பிக்சல் தேவை. திரையின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றிவைத்துத் திருத்தியவர்களின் அச்சு எப்போதும் எதிர்பார்த்ததைவிடக் கறுத்தே வரும் என்பதால், முதலில் 4×6 அங்குலத்தில் ஒரு சோதனைப் படி எடுத்துப் பார்க்க வேண்டும்.

மாணவப் பருவத்தில் நான் மீன் விற்கும் பெண்மணி ஒருவரின் படத்தை வெளுப்பாக்கி அச்சிட்டு அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, இது யார் என்று கேட்டார். படம் எடுக்க அவர் தந்த அனுமதி, நான் செய்த திருத்தத்துக்குப் பொருந்தாது என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஆகவே சோதனைப் படியை அவரவரிடமே, சிறுவர்களானால் பெற்றோரிடமும், காட்டுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் படத்தைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.