குரல் நாண்ல கட்டியான்னு ஸ்கோப் பாக்க போறவங்களுக்கு

தொண்டை கட்டி மூணு நாலு வாரம் ஆகியும் குரல் தெளியலனா ஆவி புடிக்கிறது, மாத்திரைய மாத்தி மாத்தி போடுறதுன்னு நாள கடத்தாதீங்க, ஈஎன்டி டாக்டர்கிட்ட போய் ஸ்கோப் (உள்ள விட்டு குரல் நாண பாக்குற கருவி) வச்சு பாக்க சொல்லுங்க. வாயத் திறந்து டார்ச் அடிச்சா குரல் நாண் தெரியவே தெரியாது, அது நாக்குக்கு பின்னாடி ரொம்ப கீழ இருக்கு. சிகரெட் பழக்கம், கழுத்துல கட்டி, முழுங்க கஷ்டம், சளியில ரத்தம் இதுல எது இருந்தாலும் அவ்ளோ நாள் கூட வெயிட் பண்ணாதீங்க. மூச்சு விடவே சிரமம்னா உடனே எமர்ஜென்சிக்கு போயிடுங்க.

போறதுக்கு முன்னாடி குரல் எப்ப ஆரம்பிச்சு கெட்டுச்சு, கத்தினதுக்கு அப்புறமா, காலைல மோசமா சாயங்காலம் மோசமான்னு குறிச்சு வைங்க. பாடுறவங்க எந்த ஸ்வரத்துல உடையுதுன்னு போன்ல ரெக்கார்ட் பண்ணிட்டு போங்க, ரொம்ப உதவும்.

ஸ்கோப் ரெண்டு விதம். மூக்கு வழியா விடுறது மெல்லிசா வளையுற டியூப், மரத்துப்போற ஸ்ப்ரே அடிப்பாங்க, கண்ணுல தண்ணி வரும், ஆனா உள்ள இருக்கும்போதே பேசலாம் பாடலாம். வாய் வழியா விடுறது வளையாத கம்பி, நாக்க வெளிய இழுத்து பிடிச்சுட்டு 'ஈ'ன்னு சொல்ல சொல்வாங்க, குமட்டல் ஜாஸ்தி வர்றவங்க மூக்கு வழியே கேளுங்க. ரெண்டுலயும் தோள இறுக்காம மெதுவா மூச்சு விட்டாலே பாதி கஷ்டம் போயிடும். முடிஞ்சதும் மரப்பு விடுற வரைக்கும் எதுவும் சாப்பிடாதீங்க குடிக்காதீங்க, புரை ஏறிடும்.

நான் முக்கியமா சொல்றது ஸ்ட்ரோபோஸ்கோப்பி, இருக்கான்னு கேளுங்க. பேசும்போது நாண் செகண்டுக்கு 100, 200 தடவை அதிருது, சாதா வெளிச்சத்துல அது கண்ணுக்கு பிடிபடாது, விட்டு விட்டு அடிக்கிற லைட்ல ஸ்லோமோஷன் மாதிரி தெரியும். நாட்யூலும் (காய்ப்பு மாதிரி தடிப்பு) சிஸ்டும் (நீர்ப்பை மாதிரி கட்டி) பாக்க ஒண்ணு போலவே இருக்கலாம், அதிரும்போது நாண்ல எந்த இடம் அலை ஓடாம விறைச்சு நிக்குதுன்னு பாத்தாதான் பிரிக்க வரும். இத பிரிக்காம வைத்தியம் ஆரம்பிச்சா மாசக்கணக்குல வீணாகும், ஏன்னா நாட்யூல் பொதுவா ரெண்டு பக்கமும் எதிரெதிரா வரும், வாய்ஸ் தெரபியிலயே (குரல சரியா பயன்படுத்த சொல்லித்தர்ற பயிற்சி) பெரும்பாலும் அடங்கும், சிஸ்ட் தோலுக்கு உள்ள இருக்குறதால தெரபி மட்டும் அத கரைக்காது. பாலிப் (மெத்துன்னு வளர்ற சதை) அநேகமா ஒரு பக்கம்தான், ஒரே ஒரு தடவை கத்தினாலே கூட வரலாம், பெருசா இருந்தா ஆபரேஷன் சொல்வாங்க. பாப்பிலோமா (மரு மாதிரி வளர்ச்சி) ஹெச்பிவி வைரஸால வர்றது, எடுத்தாலும் திரும்ப வரலாம். புற்றுநோயோன்னு சந்தேகம் இருந்தா பயாப்ஸிக்கு (துளி சதை எடுத்து டெஸ்ட் பண்றது) தயங்காதீங்க.

ஸ்கோப்ல எடுத்த வீடியோவ காப்பி கேட்டு வாங்கிடுங்க, தெரபிக்கு அப்புறம் திரும்ப பாக்கும்போது குறைஞ்சிருக்கான்னு ஒப்பிட அதுதான் வேணும்.