ஐஸ்லாந்தில் உருளைக்கிழங்கு போடுவது எப்படி?

ஐஸ்லாந்துத் தோட்டத்தில் குளிரைவிடக் காற்றுதான் பெரிய தொல்லை. ரெய்க்யாவிக்கில் ஜூலை மாதச் சராசரியே 11 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அந்தக் கொஞ்சச் சூட்டையும் காற்று வாரிக்கொண்டு போய்விடும். அதனால் முதலில் மறைவான இடம் பாருங்கள். வில்லோ வேலி, கொட்டகைச் சுவர், எதுவானாலும் சரி, வெயில் விழ வேண்டும்.

மண் மணற்பாங்காக இருந்தால் சீக்கிரம் சூடேறும். தென்கரையில் திக்வாபைர் உருளைக்கிழங்குக்குப் பேர்போனதற்கு அந்த மணலும் ஒரு காரணம். எரிமலைச் சாம்பல் மண்ணில் இன்னொரு சிக்கல்: மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸைப் போட்டால் மண்ணே இறுகப் பிடித்துக்கொள்ளும், செடிக்கு விடாது. ஆகவே பரவலாகத் தூவாமல் விதைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். குதிரைச் சாணம் தாராளமாகக் கிடைக்கும். நன்றாக மக்கியதுதான் வேண்டும். பச்சையாகப் போட்டால் கிழங்குத் தோலில் சொறி வரும்.

முளைகட்டுவதில் மட்டும் சோம்பல் கூடாது. ஏப்ரலில் விதைக்கிழங்கை முட்டை அட்டையில், கண் மேலே பார்க்க ஒவ்வொன்றாக நிறுத்தி, குளிர்ச்சியான ஜன்னலோரம் வைத்துவிடுவேன். வெளிச்சம் பட்டால் முளை குட்டையாக, கருஞ்சிவப்பாக, விரலால் தட்டினாலும் ஒடியாத மாதிரி திரளும். இருட்டில் வெள்ளையாக நீண்டு வந்த முளை நடும்போதே முறிந்து, அந்த வாரங்கள் வீண். நமக்கிருப்பதோ மூன்று மாதம்! என் வோட்டு ஹெல்கா ரகத்துக்கு. சின்னக் கிழங்கு, சிவப்புத் தோல், ருசி அபாரம்.

மே கடைசியில் மண் 7 டிகிரி தொட்டதும் நடலாம். ஆழமாகப் புதைக்காதீர்கள், அடிமண் இன்னும் சில்லென்றிருக்கும். ஐந்தாறு சென்டிமீட்டர் போதும், செடி எழுந்தபின் மண் அணைத்துக்கொள்ளலாம். மேலே மெல்லிய வெள்ளைத் தோட்டத் துணி விரித்து ஓரமெல்லாம் கல் வையுங்கள். இரண்டு கல்லைக் குறைத்தால் துணி பக்கத்துப் பண்ணையில்தான் கிடக்கும்.

இந்த நாட்டில் முதல் கிழங்கு விளைந்தது 1758-ல், பெஸ்ஸஸ்தாதிரில். இன்று அங்கேதான் ஜனாதிபதி குடியிருக்கிறார்.

ஆகஸ்ட் பாதிக்குமேல் தினமும் வானிலை அறிக்கை பாருங்கள். வானம் தெளிந்து காற்று நின்ற இரவில்தான் உறைபனி இறங்கும். இலை கருகினால் பதற வேண்டாம், மண்ணுக்குள் கிழங்கு பத்திரம். தண்டை வெட்டிவிட்டு, தோல் முற்ற இரண்டு வாரம் விட்டுத் தோண்டுங்கள். அதற்குமேல் தள்ளிப்போட்டால் மண்ணே உறையத் தொடங்கும். நிழலில் உலர்த்தி, 4 டிகிரி இருட்டறையில் சாக்கில் வையுங்கள்.