கரிசல் மானாவாரியில் மழைநீரையும் மேல்மண்ணையும் காப்பது எப்படி?

கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர், அருப்புக்கோட்டை வட்டாரங்களின் கரிசல் நிலங்களில், ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சில நாட்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஓர் ஏக்கரில் 25 மி.மீ. மழை பெய்தால் அங்கு விழும் நீர் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர். அதில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கியது, எவ்வளவு மேல்மண்ணையும் கரைத்துக்கொண்டு ஓடைக்குப் போனது என்பதைப் பொறுத்தே தை மாதத்தில் களத்துக்கு வரும் தானியத்தின் அளவு அமையும். மண், நீர்ப் பாதுகாப்பு என்றதும் பலரும் பண்ணைக்குட்டையைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். குட்டை நல்லதே; ஆனால், நீரை விழுந்த இடத்திலேயே நிறுத்தும் சிறு வேலைகளை எல்லாம் முடித்த பிறகு, கடைசியாக வெட்ட வேண்டியது அது.

கரிசலின் குணத்தைத் தெரிந்துகொள்ளாமல் அதில் வரப்புப் போடக் கூடாது. களிமண் மிகுந்த இந்த மண் ஈரம் பட்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கி, கோடையில் முழங்கை வரை கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். முதல் மழை இந்த வெடிப்புகளின் வழியே விரைவாக உள்ளே இறங்கிவிடுகிறது. மண் உப்பி வெடிப்புகள் மூடிக்கொண்டபின், அதே நிலம் நீரை மிக மெதுவாகத்தான் குடிக்கும். எனவே இங்கு நீருக்குத் தர வேண்டியது அவகாசம்: அது பரவலாக, ஆழமின்றி, சில மணி நேரம் நிற்க வேண்டும், மிஞ்சியது மண்ணை அரிக்காமல் வெளியேற வேண்டும். செம்மண்ணில் சமமட்டத்தில் போடப்படும் உயரமான வரப்பு, ஆழமான கரிசலில் பெரும்பாலும் நிற்பதில்லை. வரப்பே வெடித்து, அந்த வெடிப்பில் நீர் புகுந்து, ஒரே இரவில் உடைப்பெடுத்து, கீழ்ப்புஞ்சையையும் சேர்த்து அறுத்துவிடும்.

முதல் வேலைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. நல்ல மழை பெய்துகொண்டிருக்கும்போதே சில குச்சிகளை எடுத்துக்கொண்டு புஞ்சையைச் சுற்றி வாருங்கள். மேலேயிருந்து நீர் எங்கே நுழைகிறது, எங்கே ஒன்றுகூடிச் சிற்றோடையாக மாறுகிறது, எந்த இடத்தில் கலங்கலாக வெளியேறுகிறது என்று பார்த்து, அந்த இடங்களில் குச்சிகளை நட்டுவிடுங்கள். இடியும் மின்னலும் இருந்தால் மழை ஓய்ந்த உடனே போகலாம். சருகுகள் ஒதுங்கியிருக்கும் கோடும் மண் படிந்திருக்கும் திட்டும் நீர் வந்த பாதையைக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது கோடை உழவு. சித்திரை, வைகாசியில் கிடைக்கும் ஓரிரு மழையின் பதத்தில், சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும். சரிவின் போக்கிலேயே உழுதால் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்காலாகி மண்ணைக் கொண்டுபோய்விடும். டிராக்டர் திரும்ப வசதியாக இருக்கிறது என்பதற்காக நீளவாட்டில் ஓட்டச் சம்மதிக்காதீர்கள். வாடகைக்கு ஓட்ட வருபவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஆண்டுக்கு ஆண்டு ரோட்டவேட்டர் மட்டுமே ஓட்டிய நிலத்தில் மேலே மாவாகவும் அடியில் இறுகிய தட்டாகவும் மண் மாறியிருக்கும். அத்தகைய நிலத்தில் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உளிக்கலப்பையால் சுமார் ஒன்றரை அடி ஆழத்துக்குக் கீறிவிட்டால் நீரும் வேரும் கீழே இறங்க வழி பிறக்கும். மண் நன்கு காய்ந்திருக்கும்போதுதான் அந்தத் தட்டு உடையும். ஈரத்தில் ஓட்டினால் கலப்பை வெறும் கோடு போட்டுவிட்டுப் போகும்.

ஆவணி, புரட்டாசியில் வரப்புகளைச் சீரமைத்து, குச்சி நட்ட வெளியேறும் இடங்களில் கல்வடிகால் அமைக்க வேண்டும். வரப்பின் மற்ற பகுதியைவிடக் குறைந்தது அரை அடி தாழ்வாக அகலமான வாய் ஒன்று விட்டு, அதன் அடியிலும் நீர் விழும் வெளிப்புறத்திலும் கற்களைப் பதியுங்கள். இரு பக்கமும் வெட்டிவேரோ கொழுக்கட்டைப் புல்லோ நட்டால் வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். இந்த ஒரு வேலைக்குச் செலவிடத் தயங்குபவர்கள்தான் ஒவ்வோர் ஆண்டும் உடைந்த வரப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வரப்புகளுக்கு உட்பட்ட பரப்பில், சரிவு குறைவாக இருந்தால் பகுதிப்பாத்தி போதும். சுமார் அரை அடி உயரத்துக்குச் சிறு கரைகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, 8 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள பாத்திகளாக நிலத்தைப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பாத்தியும் தன்மேல் விழுந்த மழையைத் தானே வைத்துக்கொள்ளும். சோளம், கம்பு, பருத்திக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. அடைமழையில் நீர் தேங்கி உளுந்து, பாசிப்பயறு அழுகிப்போகும் தாழ்வான புஞ்சைகளில் இதைச் செய்யாதீர்கள். அங்கே அகலப்பாத்தியும் சாலும் அமைப்பதே சரி. 120 செ.மீ. அகலத்தில் மேடான பாத்தியும், அதையடுத்து 30 செ.மீ. அகலமும் 15 செ.மீ. ஆழமும் உள்ள சாலும் மாறி மாறி வரும். ஹைதராபாத் அருகே பட்டன்செருவிலுள்ள இக்ரிசாட் என்னும் பன்னாட்டு வறண்ட நிலப் பயிர் ஆய்வு நிலையம் ஆழமான கரிசலுக்கென்றே முன்வைத்த முறை இது. சால்களுக்கு மிக இலேசான சரிவு கொடுத்துக் கல்வடிகாலோடு இணைத்துவிட்டால், மழை குறைந்த ஆண்டில் ஈரம் நிற்கும். மிகுந்த ஆண்டில் நீர் வடியும்.

கண்மாய்க் கரம்பை, அதாவது கண்மாயில் படிந்த வண்டல் மண், அடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏக்கர் முழுவதும் ஓர் அங்குல கனத்துக்குப் பரப்ப ஏறத்தாழ 100 கன மீட்டர் மண் தேவைப்படும். லாரி, டிராக்டர் கூலி சிறிதல்ல. ஏற்கெனவே களி மிகுந்த ஆழ்கரிசலில் அதைக் கொட்டுவது பணத்துக்கேற்ற பலன் தராது. மேல்மண் அரிபட்டுச் சரளை தெரியும் மேட்டுப்பகுதிக்கும் செம்மண் கலந்த திட்டுகளுக்கும்தான் கரம்பை தேவை. அனுமதி பெற்று அள்ளும் முன், உப்புத்தன்மை உள்ளதா என்று மண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆழ்கரிசலுக்கு, எருவுக்காக இரவில் ஆடுகளை நிலத்தில் அடைத்துவைக்கும் ஆட்டுக்கிடை அமர்த்துவது இதைவிடச் சிறந்தது.

பயிர் வளர்ந்து மார்கழியில் மழை விலகியபின் மண் மறுபடியும் வெடிக்கத் தொடங்கும். சேமித்த ஈரம் அந்த வெடிப்புகளின் வழியே ஆவியாகும். விரற்கடை அகலத்தில் வெடிப்பு தெரிந்ததுமே மேலாகக் களைகொத்தி மண்ணை உதிர்த்து மூடிவிட வேண்டும். களை இல்லாவிட்டாலும் இந்தக் கொத்து அவசியம்.

இவ்வளவுக்குப் பிறகும் கல்வடிகாலில் நீர் வழிந்தால் குட்டை வெட்டலாம். தாழ்வான மூலையில், மேலே 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் வைத்து, பக்கங்களை ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் உள்ளே வரும் சரிவாக விட்டால் சுமார் 4 லட்சம் லிட்டர் நிற்கும். கரிசலில் கசிவு குறைவு என்பதால் குட்டைக்குள் விரிக்கும் தார்ப்பாய் பெரும்பாலும் வேண்டியதில்லை. நுழைவாயிலுக்கு முன்னால் ஒரு சிறு வண்டல் குழி எடுத்து, ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் அதில் சேர்ந்த மண்ணை அள்ளிப் புஞ்சையின் மேட்டில் திரும்பப் போடுங்கள். குட்டை நீரைத் தெளிப்பான் வழியே ஓர் ஏக்கருக்கு 40 மி.மீ. அளவில் கொடுத்தால் ஒரு நனைப்புக்கு 1.6 லட்சம் லிட்டர் செலவாகும். ஆவியாவது போக இரண்டு நனைப்புக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஆகவே பயிர் வாடுகிறதே என்று தொடக்கத்திலேயே திறந்துவிடாமல், சோளம் கதிர் தள்ளும்போதும் பயறு பூக்கும்போதும் கொடுக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும்.